வடிநீர் சொல்லும் கணக்கு

பூச்சாடி ஒன்றுக்கு நீர் ஊற்றினால் அதன் அடித்துவாரத்தின் வழியாகச் சிறிதளவு நீர் வெளியேறும். முற்றம் நனைந்துவிட்டதே என்ற சலிப்பைத் தவிர, அந்த நீருக்கு நம்முடைய வீடுகளில் வேறெந்தக் கவனிப்பும் கிடைப்பதில்லை. அதைத் தட்டொன்றில் ஏந்தி, அதன் அமிலத்தன்மையையும் அதில் கரைந்துள்ள உப்பின் அளவையும் பார்ப்பவர்கள் நம் மத்தியில் மிகச் சிலரே. சாடிக்குள் வேர்களுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதைச் செடியைப் பிடுங்காமல் அறிவதற்கு நம் கைக்கெட்டிய சாட்சி அந்த வடிநீர்தான்.

இந்தச் சிறிய சோதனையைப் பற்றி எழுதுவதற்குத் தோட்டக்கலை ஆர்வம் மட்டும் காரணமன்று. பசளையைப் பற்றி இந்த நாடு உரக்கப் பேசியிருக்கிறது. தெருவில் இறங்கிச் சண்டையும் இட்டிருக்கிறது. ஆனால் அளந்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. அதற்கான விலையை வயலில் மட்டுமன்றிக் குடிநீர்க் கிணற்றிலும் செலுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

இந்தச் சோதனையை மிகுந்த அக்கறையோடு செய்பவர்களின் முன்வரிசையில் இருப்போர் யார் என்று கேட்டால், பதில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அவர்கள் கஞ்சா வளர்ப்போர். கனடா 2018 ஒக்டோபர் 17 ஆம் திகதி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. பெரும்பாலான மாகாணங்களில் வீடொன்றில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். நம் நாட்டில் 1929 ஆம் ஆண்டின் நச்சு, அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். அச்சட்டம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இங்கு புகவில்லை. நான் கவனித்தது வேறொன்று. அனுமதிக்கப்பட்டது நான்கே செடிகள் என்னும்போது ஒவ்வொரு செடியும் வளர்ப்பவருக்கு அருமையாகிவிடுகிறது. ஊற்றும் நீரின் பி.எச். என்ன, வடியும் நீரின் பி.எச். என்ன, உள்ளே சென்ற உப்பு எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். போதைப் பயிருக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு, நாம் உண்ணும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஏன் கிடைப்பதில்லை?

இந்த அறிவு கஞ்சாவிலிருந்து பிறந்ததும் அன்று. அமிலத்தன்மையை ஓர் எண்ணாகக் கூறும் பி.எச். அளவுகோலை 1909 இல் கொப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சோரன்சன் வகுத்தார். பியர் வடிசாலையைச் சார்ந்து எழுந்த ஆய்வுகூடம் அது. 1934 இல் கலிபோர்னியாவில் ஆர்னோல்ட் பெக்மன், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்கு வழிகேட்டு வந்த நண்பருக்காக மின்னணு பி.எச். மானியை உருவாக்கினார். சாடியின் மேலே நீரூற்றி அடியில் வடிவதைச் சோதிக்கும் முறையை வேர்ஜினியாவைச் சேர்ந்த ரொபர்ட் ரைட் என்ற தோட்டக்கலை ஆய்வாளர் ஒழுங்குபடுத்தி 1986 இல் வெளியிட்டார். அலங்காரச் செடிகளை வளர்த்து விற்கும் நாற்றுமேடைக்காரருக்கென எழுந்த முறை அது. பின்னர் வந்தவர்கள் அதைத் தத்தம் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். நாமும் எடுத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை.

முறை எளியது. முதலில் சாடியில் உள்ள மண் முழுவதும் நனையும்படி வழக்கம்போல நீர் ஊற்ற வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வடியவிட்டு, அடியில் தேங்கியதைக் கொட்டிவிட்டுச் சுத்தமான தட்டொன்றை வைக்க வேண்டும். பின்னர் காய்ச்சி வடித்த நீரை மேற்பரப்பில் சுற்றிவர மெதுவாக ஊற்ற வேண்டும். வாகன மின்கலத்துக்கென்று கடைகளில் விற்கப்படும் நீர் இதற்குப் பொருந்தும். ஆறு அங்குலச் சாடிக்கு 75 முதல் 100 மில்லி லீற்றர் வரை போதும். மேலே ஊற்றிய நீர், வேர்களைச் சுற்றி நிற்கும் நீரைக் கீழே தள்ளும். தட்டில் ஏறக்குறைய 50 மில்லி லீற்றர் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதைவிட மிக அதிகமாகச் சேர்ந்தால் நாம் ஊற்றிய நீரையே நாம் அளந்தவர்களாவோம்.

தட்டில் சேர்ந்த நீரில் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பி.எச். பெறுமானம். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகிறது. எனவே 6 க்கும் 7 க்கும் இடையிலான வேறுபாடு கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தாலும் வேருக்குப் பெரிது. தும்புத்தூள் போன்ற மண்ணற்ற கலவையில் வளரும் பெரும்பாலான செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரையும், மண்ணில் வளர்பவற்றுக்கு 6 முதல் 7 வரையும் உகந்தது.

இரண்டாவது, நீரின் மின்கடத்துதிறன். தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும்; உப்புக்கள் கரையக் கரையக் கடத்தும் ஆற்றல் கூடும். பசளைகளில் பெரும்பாலானவை நீரில் கரைந்த நிலையில் உப்புக்களே என்பதால், இந்த எண் வேர்ப்பகுதியில் உள்ள மொத்த உணவின் அளவைக் காட்டுகிறது. வடிநீரில் இது ஒரு சென்ரிமீற்றருக்கு 1 முதல் 2.6 மில்லி சீமென்ஸ் வரை இருப்பது குறைந்த உணவு வேண்டும் செடிகளுக்குப் பொருத்தம். அதிகம் உண்பவற்றுக்கு 2.6 முதல் 4.6 வரை ஏற்கத்தக்கது. எந்த உப்பு எவ்வளவு என்பதை இந்த எண் சொல்லாது. நைதரசன் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று பிரித்தறிய ஆய்வுகூடத்துக்குத்தான் போக வேண்டும். மானி வாங்குவோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். சில மானிகள் மின்கடத்துதிறனை நேரடியாகக் காட்டாமல், மில்லியனில் எத்தனை பங்கு உப்பு என்று மாற்றிக் காட்டும். அந்த மாற்றத்துக்கு 500 ஆல் பெருக்கும் கம்பனிகளும் உண்டு, 700 ஆல் பெருக்கும் கம்பனிகளும் உண்டு. ஒரே நீர் ஒரு மானியில் 1,000 என்றும் மற்றதில் 1,400 என்றும் தெரியும். இதை அறியாது இருவர் எண்களை ஒப்பிட்டுச் சண்டையிட்டால் இருவரும் தோற்பர்.

எண்ணைத் தனியே வைத்துப் பார்ப்பதைவிட, வழமையாக நாம் ஊற்றும் பசளை நீரின் எண்ணோடு அதை ஒப்பிடுவதுதான் பயன் தரும். உள்ளே போவதைவிட வெளியே வருவது மிக அதிகம் என்றால் சாடிக்குள் உப்புத் தேங்குகிறது. செடி உண்ணும் வேகத்தைவிட நாம் ஊட்டும் வேகம் கூடிவிட்டது. வெளியே வருவது மிகக் குறைவென்றால் செடி பசியோடு இருக்கிறது. ஒரு நாள் அளவை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் தவறு. காய்ந்து சுருங்கிய மண்ணில் ஊற்றிய நீர் சாடியின் உட்சுவரோரமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அது வேரைத் தொட்டிருக்காது. தோட்டத்து மண் நிரப்பிய சாடியில் எண்கள் இன்னும் தடுமாறும். மானியைத் தெரிந்த பி.எச். உடைய திரவங்களில், அதாவது 4 இலும் 7 இலும், அடிக்கடி சரிபார்க்காவிட்டால் அதுவும் பொய் சொல்லும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அளந்து, எண் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்ப்பதே முறையானது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்போருக்கு யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். சாடியில் வைத்த கறிவேப்பிலையோ செவ்வரத்தையோ சிறிது காலத்தில் மஞ்சளாகிறது. நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி வெளிறுகிறது. பசளை போதவில்லை என்று எண்ணி ஒரு கரண்டி யூரியா இடுகிறார்கள். இலை இன்னும் வெளிறுகிறது. இன்னுமொரு கரண்டி. நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்: சுண்ணாம்புக்கல்லில் ஊறிய கிணற்று நீர் காரத்தன்மை உடையது. நாளாந்தம் அதை ஊற்ற ஊற்றச் சாடியின் பி.எச். ஏறுகிறது. பி.எச். ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. சோறு நிறைந்த பானைக்கு மூடி இறுகிவிட்ட நிலை அது. மூடியைத் திறப்பதை விட்டுவிட்டு நாம் பானைக்குள் மேலும் சோற்றைத் திணிக்கிறோம். வடிநீரை ஒரு தடவை அளந்திருந்தால், தேவைப்பட்டது யூரியா அன்று, சேமித்த மழைநீர் என்பது புரிந்திருக்கும்.

சேதனப் பசளை மட்டும் இடுகிறோம், ஆகவே எமக்கு இக்கவலை இல்லை என்று நினைப்போரும் உளர். கோழி எருவை அள்ளிப் போட்ட சாடியின் வடிநீரையும் அவர்கள் அளந்து பார்க்கட்டும். எருவில் உள்ள நைதரசனையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாகவே மாற்றுகின்றன. மிஞ்சியது நீரோடு போகிறது. மூடையில் வந்ததா தொழுவத்திலிருந்து வந்ததா என்று வடிநீர் பேதம் பார்ப்பதில்லை. சேதன எரு மண்ணின் கட்டமைப்புக்கும் ஈரத்தைத் தக்கவைப்பதற்கும் செய்யும் நன்மையை நான் மறுக்கவில்லை. அளவு என்ற கேள்வியிலிருந்து அது விடுதலை தராது என்பதையே சொல்கிறேன்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு நாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நாம் கண்ணால் கண்டோம். பசளை மானியம் இங்கு 1962 இல் தொடங்கியது. 2005 இல் நெல் விவசாயிகளுக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. மூடை மலிவானபோது, இந்த வயலுக்கு எவ்வளவு தேவை என்று மண்ணைச் சோதித்துக் கேட்கும் தூண்டுதலும் மறைந்தது. மறு முனையில், பத்தாண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவதாக 2019 இல் வாக்குறுதி அளித்து ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம், 2021 மே 6 ஆம் திகதிய வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. அள்ளிக் கொடுத்த கொள்கையும் அடியோடு தடுத்த கொள்கையும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எந்த மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று இரண்டுமே முதலில் பார்க்கவில்லை. எமது பத்திரிகைகளும் யார் சொன்னார், யார் மறுத்தார் என்பதை எழுதின அளவுக்கு, ஒரு வயலின் மண் என்ன சொன்னது என்பதை எழுதவில்லை.

சாடியிலிருந்து வடிவது முற்றத்தில் காய்ந்துவிடும். வயலிலிருந்து வடிவது எங்கே போகிறது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. வற்றாத ஆறென்று ஒன்று இங்கு இல்லை. வழுக்கி ஆறும் மாரிக்காலத்து விருந்தாளிதான். வடகீழ்ப் பருவமழை தருவது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. அதை இறைத்துத்தான் பயிர் செய்கிறோம், அதை இறைத்துத்தான் குடிக்கிறோம். குடாநாட்டையே ஒரு பெரிய சாடி என்று சொன்னால் மிகையில்லை. மேலே செம்மண், நடுவே துளைகள் நிறைந்த கல், அடியில் வடிநீர். பூச்சாடிக்கும் இந்தச் சாடிக்கும் வேறுபாடு ஒன்றே: இதன் தட்டில் சேர்வதை நாம் வாளியில் அள்ளிக் குழந்தைக்குப் பால் கரைக்கிறோம்.

வலிகாமத்தின் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் 1980 களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் பசளை ஒரு காரணம். கிணற்றுக்கு அருகே தோண்டிய மலசலகூடக் குழிகள் இன்னொரு காரணம். உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதையே நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 11. எந்தக் கணக்கில் எண் சொல்லப்படுகிறது என்று இங்கும் கேட்டறிய வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரித்ததை 1945 இல் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர் பதிவு செய்தார். நைத்திரேற்று, குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். நம் தாய்மாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சோதிக்காமல் அறிய வழியே இல்லை.

எங்கள் பாட்டனார் மானி வைத்தா தோட்டம் செய்தார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பாட்டனார் துலா மிதித்து இறைத்தார். ஒரு பட்டை நீரின் பாரம் அவர் உடலுக்குத் தெரியும். வேண்டாத நீரை ஊற்றி மண்ணைக் கழுவிவிடும் வசதி அவருக்கு இருக்கவில்லை. பனையோலையைத் தாழ்த்தியும் ஆடுமாட்டுப் பட்டி அடைத்தும் மண்ணுக்கு மெதுவாகக் கரையும் உணவைக் கொடுத்தார். அவருடைய உழைப்பே அவருடைய மானி. நீரிறைக்கும் இயந்திரமும் யூரியாவும் வந்தபின் அந்த மானி கழன்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறொன்றை நாம் பொருத்தவில்லை.

விவசாயி மீது இந்தப் பழியைச் சுமத்துவது அநீதி. கடனுக்குப் பசளை வாங்கி, ஒரு போகம் தவறினால் நகையை அடகு வைக்கும் நிலையில் இருப்பவர், பயிர் வெளிறுவதைக் கண்டால் இன்னும் ஒரு கை கூட்டிப் போடத்தான் செய்வார். அவருக்குத் தேவை அறிவுரையன்று, ஓர் எண். விவசாயத் திணைக்களத்தில் மண் பரிசோதனை வசதி இருக்கிறது. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் சரிபார்க்கப்பட்ட பி.எச். மானி, மின்கடத்துதிறன் மானி, நைத்திரேற்றுச் சோதனைத் தாள் ஆகியவை இருப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஊர்க் கிணறுகளின் எண்ணை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து, வாசிகசாலைப் பலகையில் எழுதி வைக்கலாம். கிணற்று நீரில் ஏற்கெனவே நைத்திரேற்று நிறைந்திருந்தால், இறைக்கும் நீரோடு பயிருக்கு நைதரசனும் போகிறது; அந்த அளவுக்கு மூடையில் குறைக்கலாம் என்று விவசாயப் போதனாசிரியர் கணக்குச் சொல்லலாம். தோட்டக்காரருக்கு அது பணமும் மிச்சம், கிணற்றுக்கு ஆறுதலும் கூட.

பாடசாலைகளும் இதில் சேர வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் அமிலம், காரம் என்று மனனம் செய்யும் பிள்ளை, சாடி ஒன்றின் வடிநீரையும் தன் வீட்டுக் கிணற்று நீரையும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். ஒரு வகுப்பு ஓர் ஊரின் வரைபடத்தையே தயாரித்துவிடும்.

கஞ்சா வளர்ப்போரை முன்னுதாரணமாகக் காட்டியதற்காக என்னைக் கோபிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர்களிடமும் குறை உண்டு. செடியின் நலனுக்காக வடிநீரை அளந்த பின், அந்த உப்பு நீரைக் கால்வாயில் கொட்டிவிட்டுப் போகிறவர் அங்கும் இருக்கிறார். அளப்பது பாதி வேலை; வடிந்தது யாருடைய கிண்ணத்தில் சேர்கிறது என்று பார்ப்பது மீதி. கனடாவில் பரந்த ஏரிகள் அந்த மீதியை இன்னும் சில காலம் மறைத்து வைக்கக்கூடும். சுண்ணாம்புக்கல்லின் மேல் குடியிருக்கும் நமக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த மூடையைப் பிரிப்பதற்கு முன் ஒரு கோப்பை கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுப்போம்.